மருத்துவமனை சர்வருக்கு எதுக்கு டேப்? – கொஞ்சம் நீளமான த்ரெட்

1/
அரசு மருத்துவமனைக்கு சர்வர் வாங்கும்போதே அதற்குள் ஒரு டேப் பேக்கப் டிரைவையும் சேர்த்து வாங்கியே ஆகணும். இந்த த்ரெட்டில் நான் சொல்ல வரும் கருத்து இதுதான்.

"டேப்பா? டேப் ரெக்கார்டர் காலமே முடிஞ்சு போச்சே டாக்டர்!" என்று சிரிப்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

2/
ஒரு எம்பிபிஎஸ் டாக்டருக்கு இதில் என்ன வேலை?

அரசு மருத்துவமனையில் ஓபி, வார்டு ரவுண்ட்ஸ், நைட் டியூட்டி, கோர்ட் சம்மன் இத்தனைக்கும் நடுவில் கம்ப்யூட்டர் விவகாரங்களுக்கான நோடல் ஆபீசர் பொறுப்பும் யாராவது ஒரு மருத்துவர் தலையில் வந்து உட்காரும். எங்க ஊரில் அது என் தலை. அதனால் இன்ஜினியர் டிரைவை மாட்டியபோது பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

3/
சரி, என்ன பணயத்தில் இருக்கிறது?

ஒருவருக்கு இன்று கிரியாட்டினின் 2.1 என்று வருகிறது. போன வருஷமும் அதே 2.1 என்றால் மருந்தைத் தொடரச் சொல்லி அடுத்த மாசம் ரிவ்யூவுக்கு வரச் சொல்லலாம். போன வாரம் 0.9 இருந்தது என்றால் இன்றைக்கே அட்மிஷன். எண் ஒன்றுதான். பழைய எண் தெரியாவிட்டால் இன்றைய எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

4/
பென்சிலின் அலர்ஜி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய சிடி ஸ்கேனில் நுரையீரலில் இருந்த சின்னப் புள்ளி, அடிதடி வழக்கின் காயச் சான்றிதழ்... எல்லாமே இப்படித்தான்.

முன்னாடி இதெல்லாம் நோயாளியின் மஞ்சப்பையில் இருந்தது. இப்போ சர்வருக்குள் இருக்கு. ஒரு மஞ்சப்பை தொலைந்தால் ஒருவருக்கு நஷ்டம். சர்வர் போனால் ஊரில் உள்ள மொத்த மஞ்சப்பையும் ஒரே ராத்திரியில் போகும்.

5/
சட்டமும் இருக்கு. 2002 மருத்துவ ஒழுங்கு விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 வருஷம் வைத்திருக்கணும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். "சர்வர் ரிப்பேர்ங்க" என்பதற்கு அந்த விதியில் இடமில்லை.

6/
"இதெல்லாம் நடக்குமா சார்?" நடந்திருக்கு.

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ். ரான்சம்வேர் தாக்குதல். 5 சர்வர்கள், சுமார் 1.3 டிபி தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மையான மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக ஓடியது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? தாக்குதலில் சிக்காமல் தப்பித்த ஒரு பேக்கப் சர்வர்.

7/
2021 மே 14. அயர்லாந்தின் பொது சுகாதாரத் துறை மொத்தமும் முடங்கியது. தாக்கியவர்களே சில நாளில் சாவியை இலவசமாகக் கொடுத்தும், முழுசாக மீண்டுவர ஏறத்தாழ நாலு மாசம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. விஷ மெயிலை ஒரு ஊழியர் திறந்தது மார்ச் 18. அதாவது திருடன் வீட்டுக்குள் வந்து எட்டு வாரம் கழித்துத்தான் பூட்டு போட்டான். நேற்றைய பேக்கப் மட்டும் வைத்திருந்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

8/
திருடன்கூட வேண்டாம், தீ போதும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ், மொத்தம் 858 டிபி, போச்சு. அளவு ரொம்பப் பெரிசு என்பதால் வெளியே பேக்கப்பே எடுக்கவில்லை என்றார்கள்.

9/
இப்போ ஒரு சின்னக் கணக்கு. எல்.டி.ஓ-9 என்று ஒரு டேப் கார்ட்ரிட்ஜ். உள்ளங்கை அகலம், இரண்டு செ.மீ. தடிமன். உள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டேப். ஒன்றில் 18 டிபி பிடிக்கும்.

858-ஐ 18-ஆல் வகுத்தால் 48 கார்ட்ரிட்ஜ். நம்ம ஆபீஸ் பீரோவில் ஒரு தட்டு. அவ்வளவுதான் "ரொம்பப் பெரிசு".

10/
நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு சிடி ஸ்கேன் படத்தில் ஒரு துண்டு சுமார் அரை எம்பி. 500 துண்டு என்றால் 250 எம்பி. ஒரு கார்ட்ரிட்ஜில் இப்படி 72,000 சிடி ஸ்கேன்கள் அடங்கும்.

11/
"ரெய்டு இருக்கே டாக்டர், இரண்டு டிஸ்க்ல எழுதுதே?"

ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வண்டியை ஓட்டுவதற்கு. தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். இரட்டைக் குழந்தைகள் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி. சாப்பாடு கெட்டிருந்தால் இரண்டுக்கும்தான் வாந்தி.

12/
"எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்?"

கழற்றி வைத்தால் நல்லது. யார் கழற்றுகிறார்கள்? சர்வர் பின்னாடியே தொங்கிக்கொண்டிருக்கும். வைரஸுக்கு அதுவும் ஒரு டிரைவ்தான்.

டேப்பின் பலம் இங்கேதான். வேலை முடிந்ததும் வெளியே துப்பிவிடும். பீரோவில் இருக்கும் கார்ட்ரிட்ஜை உலகத்தில் எந்த ஹேக்கராலும் தொட முடியாது.

13/
"கிளவுட்?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் திரும்ப எடுக்கும் வேகத்தைப் பாருங்கள். 18 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, தடங்கலே இல்லாமல் ஓடினாலும், 16 நாளுக்கு மேல் ஆகும். சர்வருக்குள் பொருத்தும் எல்.டி.ஓ-9 டிரைவ் விநாடிக்கு 300 எம்பி. அதே 18 டிபி சுமார் 17 மணி நேரம்.

கூகுளே 2011-ல் ஒரு மென்பொருள் கோளாறில் 0.02 சதவீத ஜிமெயில் பயனர்களின் மெயில்கள் காணாமல் போனபோது டேப்பில் இருந்துதான் மீட்டது.

14/
இனி மாட்டும் கதை. டெண்டர் எழுதுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கணும்.

சர்வர் பெட்டியில் 5.25 அங்குல இடம் காலியாக இருக்கணும். டவர் வகை சர்வர்களில் பெரும்பாலும் இருக்கும். ஒல்லியான ரேக் சர்வர்களில் இருக்காது. அதற்கு வெளியே வைக்கும் டிரைவ்தான். இதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால், வந்த டிரைவ் அட்டைப்பெட்டியோடு ஸ்டோர் ரூமில் தூங்கும்.

15/
டிரைவுக்குத் தனியாக ஒரு எஸ்.ஏ.எஸ் ஹெச்.பி.ஏ கார்டு வேணும். டிஸ்க்குகள் ஓடும் ரெய்டு கார்டிலேயே சொருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல ரெய்டு கார்டுகள் டேப்பை ஏற்பதில்லை. ஆர்டரில் இந்த ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் நிற்கும்.

16/
மாட்டுவது கஷ்டமில்லை. சர்வரை முறையாக அணைத்து பவர் கேபிளைப் பிடுங்கணும். கையில் ஸ்டாட்டிக் ஸ்டிராப். டிரைவை உள்ளே தள்ளி ஸ்க்ரூ முடுக்கி, டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் மாட்டி, காற்றோட்டத்தைக் கேபிள் மறைக்காமல் ஒதுக்கணும். பிறகு டிரைவர் மென்பொருள்.

விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் வசதி டேப்பில் எழுதாது. அதற்குத் தனி மென்பொருள் வேணும். பக்குலா, பேரியோஸ் போல திறந்த மூல மென்பொருள்களும் இருக்கின்றன.

17/
புது எல்.டி.ஓ-9 கார்ட்ரிட்ஜை முதல்முறை போட்டால் டிரைவ் தன்னை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். 2 மணி நேரம் வரைகூட ஆகலாம். "மெஷின் ஹேங் ஆயிடுச்சு" என்று நடுவில் ஸ்விட்சை அணைக்காதீர்கள். பிரசவ வலி வந்தவரை அவசரப்படுத்துவது மாதிரி அது.

18/
டேப்புக்குத் தரவு சீராகப் பாயணும். சர்வர் விட்டுவிட்டுக் கொடுத்தால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வரும். ஷூ பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் தேய்ப்பதால் இதற்கு ஷூ ஷைனிங் என்றே பெயர். டேப்பும் தேயும், நேரமும் போகும். முதலில் ஒரு வேகமான டிஸ்க்கில் எடுத்துவிட்டு, அங்கிருந்து டேப்புக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும்.

19/
சுழற்சி முறைக்கு அழகான பெயர்: தாத்தா, அப்பா, மகன். தினசரி எடுப்பது மகன். வாரக் கடைசி அப்பா. மாசக் கடைசி தாத்தா. மகன்களை மறுபடி மறுபடி எழுதலாம். தாத்தாவைத் தொடக்கூடாது. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டால் அதன் மேல் எழுத முடியாது. எட்டு வாரம் பதுங்கி இருந்த அயர்லாந்துத் திருடன் மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்ல தாத்தாதான் வேணும்.

20/
எங்கே வைப்பது? சர்வர் அறையில் வைக்கவே கூடாது. தீ இரண்டையும் சேர்த்துத் தின்னும். வேறு கட்டடம், பூட்டிய பீரோ, வெயிலும் ஈரமும் புழுதியும் இல்லாத இடம். கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை நம்பாதீர்கள். முக்கியமாக, எம்ஆர்ஐ அறைப் பக்கம் கொண்டு போகவே போகாதீர்கள். அந்தக் காந்தம் ஆக்சிஜன் சிலிண்டரையே இழுக்கும். டேப் எம்மாத்திரம்?

21/
இன்னொரு ஆபத்து. ஒரு கார்ட்ரிட்ஜ் சட்டைப்பையில் போய்விடும். அதில் ஊர் மக்களின் எச்ஐவி ரிசல்ட்டில் இருந்து மனநல மருந்து வரை எல்லாம் இருக்கும். அதனால் குறியாக்கம் கட்டாயம். எல்.டி.ஓ-4 தலைமுறையில் இருந்தே டிரைவிலேயே ஏஇஎஸ் 256 வசதி உண்டு. சாவியைத் தனியாக, இரண்டு இடத்தில் வைங்க. சாவி தொலைந்தால் டேப் வெறும் பிளாஸ்டிக்.

22/
டேப்பின் குறைகளையும் சொல்லணும். டிரைவ் விலை லட்சங்களில். "30 வருஷம் தாங்கும்" என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். டேப் தாங்கலாம், அதைப் படிக்கும் டிரைவ் இருக்கணுமே? எல்.டி.ஓ-9 டிரைவ் எட்டையும் ஒன்பதையும் மட்டும்தான் படிக்கும். அதனால் தலைமுறை மாறும்போது பழசைப் புதுசுக்கு மாற்றிக்கொண்டே வரணும்.

எல்லா இடத்துக்கும் டேப் தேவையும் இல்லை. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றி மாற்றிக் கழற்றி வைக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும். நான் பேசுவது ஸ்கேன் மெஷின் ஓடும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள் பற்றி.

23/
ஆனால் உண்மையான பிரச்சினை மெஷின் இல்லை நண்பர்களே. ஆள்.

தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் பெட்டியின் வெப்பநிலையை நம்ம சிஸ்டர்கள் தினமும் இரண்டு வேளை, ஞாயிற்றுக்கிழமை உட்பட, எழுதுகிறார்கள். ஏன்? ரிஜிஸ்டர் இருக்கு, பொறுப்பான பெயர் இருக்கு, கேட்க ஆள் இருக்கு. பேக்கப்புக்கு இந்த மூன்றும் பல இடங்களில் இல்லை. "சிஸ்டம் பையன் பாத்துப்பான்" என்பதுதான் ஏற்பாடு. அந்தத் தம்பியோ ஒப்பந்த ஊழியர். அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது.

24/
என் கோரிக்கை மூன்று.

ஒன்று: சர்வர் கொள்முதல் ஆணையிலேயே டிரைவ், கார்டு, போதுமான கார்ட்ரிட்ஜ், ஒரு கிளீனிங் கார்ட்ரிட்ஜ் எல்லாம் இருக்கணும். கிளீனிங்கை டிரைவ் கேட்கும்போது மட்டும் போட்டால் போதும்.

இரண்டு: பெயர் போட்ட ஒரு பொறுப்பாளர், அவர் லீவில் போனால் இன்னொருவர், தினமும் கையெழுத்துக்கு ஒரு ரிஜிஸ்டர்.

மூன்று: மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஒரு பழைய டேப்பை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து காட்டணும். ஆர்எம்ஓ பார்த்துக் கையெழுத்துப் போடணும்.

25/
மூன்றாவதுதான் உயிர். வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது என்பதால் யாரும் நிம்மதி ஆவதில்லை. திறந்து பார்த்து, அளவு பார்த்து, அப்புறம்தான் நோயாளிப் பக்கம் வைக்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப்பும் காலி சிலிண்டரும் ஒன்றுதான். தேவைப்படும் நிமிஷத்தில்தான் தெரியும்.

26/
இதைப் படிக்கும் பொதுமக்களுக்கு: எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு என்று டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு: நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நம்ம பேக்கப்பைக் கடைசியாத் திறந்து பார்த்தது என்னிக்கு?" பதிலாகத் தேதி வந்தால் சந்தோஷம். "இருக்கு சார், இருக்கு" என்று வந்தால், வேலையை அன்றைக்கே ஆரம்பிங்க.