எழுதியதையே எழுதுவானேன்?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே நம் முன்னோர்க்கு முதற்கண் தோன்றும். இக்காலத்தார்க்கோ அப்பெயர் தொழிற்சாலைகளையே நினைவூட்டுகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹியூண்டாய் ஆலையினின்று 1998-ஆம் ஆண்டில் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ, நிஸான் என்னும் இரு கம்பெனியாரின் கூட்டு ஆலை 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இவை போன்றவற்றிற்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிற்றாலைகளும் சுற்றிலும் பெருகின.

பட்டம் பெற்று ஆங்கு உத்தியோகத்தில் அமர்வோர் அனைவரும் யந்திரங்களின் அருகே நிற்பாரல்லர். கணிப்பொறியின் முன்னிருந்து கடிதம் எழுதுவோரும் உளர். கார் ஆலைகள் பாகங்களை மலைபோற் குவித்து வைப்பதில்லை. வேண்டிய பொழுதில் வேண்டிய அளவே வந்துசேர்தல் வேண்டும் என்பதே அவற்றின் முறை. ஆதலின், எச்சரக்கு எத்தனை, எந்த லாரியில், எம்மணிக்குப் புறப்பட்டது என்னும் செய்தி ஓயாது போய்க்கொண்டிருத்தல் அவசியம். பெயரும் எண்ணும் மாறுமேயன்றி வாசகம் மாறுவதில்லை. நாளொன்றுக்கு 40 கடிதம், கடிதத்திற்கு 3 நிமிஷம் எனக் கொள்வோம். நாள்தோறும் 2 மணி நேரம் கழியும். 300 வேலை நாட்களில் அது 600 மணி. எட்டு மணி வேலைநாளாகக் கணக்கிடின், 75 நாட்கள் எழுதியதையே எழுதுவதில் கழிந்தன என்க!

இதற்குப் பரிகாரம் அரிதன்று. விவரங்களை எக்ஸெல் அட்டவணையில் வரிசையாக இட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிதம் அமைக்குமாறு மாக்ரோ எனப்படும் சிறு கட்டளைத் தொடரை எழுதிவிட்டால், முகவரி, தலைப்பு, வாசகம், இணைப்பு யாவும் நொடியில் அமைந்துவிடும். இதனைச் சில நாட்கள் அப்பியசித்தால் வணிகவியல் மாணவரும் வரலாற்று மாணவரும் கற்றுக்கொள்ளலாம்.

இதன்மேல் இரண்டு ஆக்ஷேபங்கள் எழும். முதலாவது, அபாயம். 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெலிஸா என்னும் நச்சு மாக்ரோ, வேர்டு கடிதத்தினுள் ஒளிந்து வந்து, திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலிருந்து ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு உலகையே கலக்கிற்று. இஃது உண்மையே. ஆயினும், பிறர் அனுப்பிய மாக்ரோவைத் திறப்பது வேறு. காரியாலயத்தாரின் அனுமதியுடன் தாமே எழுதியதை இயக்குவது வேறு. அவ்வாறு எழுதுங்காலும் ‘அனுப்பு’ என்னும் கட்டளையை விடுத்துக் ‘காட்டு’ என்பதையே இடுதல் நன்று. கடிதம் திரையில் வந்து நிற்கும். மனிதர் கண்ணால் பார்த்த பின்னரே அது புறப்படும். ஒரு பிழையை நாற்பது பேருக்கு அனுப்பும் வேகம் எவர்க்கும் வேண்டியதன்று.

இரண்டாவது ஆக்ஷேபமே கனமானது. இரண்டு மணி வேலை இரண்டு நிமிஷத்தில் முடியுமாயின், முதலாளி ஆளைக் குறைத்துவிடாரோ? இவ்வச்சம் வீண் அச்சமென்று நாம் கூறோம். இதனாலேயே வழி கண்டவர் அதனை மறைத்து வைத்துக்கொள்ளவும், அவர் வேலையை விட்டு நீங்கிய அன்று அதுவும் அவருடன் நீங்கவும் நேர்கின்றது. ஆலைகளில் தலைமைப் பதவி வகிக்கும் பழைய மாணவர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே: மிச்சமான பொழுதைக் காட்டி ஒருவரை நீக்குவீராயின், இரண்டாமவர் ஒருவரும் தாம் கண்டதை உம்மிடம் வெளியிடார். அப்பொழுதை அவருக்கே விட்டுவிடுங்கள். வராத சரக்கைத் தொலைபேசியில் விசாரிக்கவும், கணக்கின் முரண்பாட்டை ஆராயவும், மேலும் கற்கவும் அவர் அதனைப் பயன்படுத்துவர். இவை மாக்ரோவால் ஆகாத காரியங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். கருவிகள் நிலையல்ல, அவுட்லுக்கின் புதிய பதிப்பில் பழைய மாக்ரோக்கள் இயங்குவதில்லை. எனினும், ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, மாறுவது எது, மாறாதது எது என்று காணும் பழக்கம் எக்கருவிக்கும் உதவும். கண்ட முறையைப் பின்வருவோர்க்கு விளங்குமாறு ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறைத்து வைத்த திறமை ஒருவருக்கே உதவும். எழுதி வைத்தது காரியாலயம் முழுமைக்கும் உதவும்.