மழைமீது பழி போடாதீர்கள்

சுருவிலிலிருந்து வேலணை கடந்து, பண்ணைத் தாம்போதி வழியே மாரிமழையில் யாழ்ப்பாணத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வானத்திலிருந்து விழும் மழை ஆளைக் குருடாக்குவதில்லை. முன்னால் போகும் லொறியின் சில்லு வாரி இறைக்கும் நீர்தான் குருடாக்குகிறது. இருபுறமும் கடல். செய்தி தேடி அலைந்த நாட்களில், லொறியின் பின்விளக்கை மட்டும் நம்பி அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். அதுவும் எரியாத லொறிகள் உண்டு.

இதை அறியாதவர்கள்தான், ஃபோர்மியுலா வன் பந்தயம் மழையால் நிறுத்தப்படும்போதெல்லாம், "இக்காலத்து ஓட்டுநர்கள் கோழைகள், அந்தக் காலத்தில்..." என்று தொடங்கிவிடுகிறார்கள். எந்தக் காலத்தில்? 1976 இல் ஃபுஜியில், உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இரண்டு சுற்றுகளோடு காரை நிறுத்தி இறங்கினார் நிக்கி லவுடா. ஒரே புள்ளியால் பட்டம் போனது. மூன்று மாதங்களுக்குள்தான் தீயில் வெந்து மீண்டிருந்தார். அவரையா கோழை என்பது? 1982 இல் ஹொக்கன்ஹைம் பயிற்சி ஓட்டத்தில், நீர்ப்புகைக்குள் முன்னே சென்ற புரொஸ்டின் கார் தெரியாமல் மோதினார் டிடியே பிரோனி. புள்ளிப் பட்டியலில் அப்போது முதலிடம் அவருக்கே. கால்கள் நொறுங்கின; ஃபோர்மியுலா வன்னுக்கு அவர் திரும்பவேயில்லை.

ரயர் தன் வேலையைச் செய்கிறது. பிரெலியின் கனமழை ரயர் ஒன்று, 300 கி.மீ. வேகத்தில் செக்கனுக்கு 85 லீற்றர் நீரை வெளியேற்றும் என்கிறது அந்நிறுவனம். பிடிமானம் கிடைத்துவிட்டது, சரி. அந்த நீர் போவது எங்கே? பின்னால் வருபவரின் முகத்துக்குத்தான். ஆகவே அந்த ரயர் தேவைப்படும் அளவுக்கு மழை பெய்தால், பார்வையில்லை என்று பந்தயத்தையே நிறுத்துகிறார்கள். 2012 இல் மலேசியாவின் செப்பாங்கில் நம் நரேன் கார்த்திகேயன் கடைசி வரிசையிலிருந்து கனமழை ரயருடன் புறப்பட்டார். மழை வலுக்க, மற்றவர்கள் ரயர் மாற்ற ஓடினார்கள். இவர் பத்தாவது இடத்துக்கு வந்துவிட்டார். ஒன்பதாவது சுற்றில் சிவப்புக்கொடி!

2021 இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் நடந்தது பந்தயமே அல்ல. பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்துவிட்டு, அரைப் புள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2023 ஜூலையில் அதே ஸ்பாவில், இளையோர் பந்தயமொன்றில், மழையில் விபத்துக்குள்ளான டிலானோ வான்ட் ஹோஃபின் காரில் பின்னால் வந்த கார் மோதியது. பிள்ளை இறந்துபோனான். வயது 18.

சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் சும்மா இருந்துவிடவில்லை. 2023 இலும் 2024 இலும் சில்லுகளுக்கு மட்காட் பூட்டிப் பார்த்தது. (எங்கள் ஊர்ச் சைக்கிளில் என்றோ இருந்த சாமான்.) பலன் போதவில்லை; கைவிட்டார்கள். ஏனெனில் நீரை எறிவது சில்லு மட்டுமல்ல. 2022 இல் வந்த கார்கள் அடித்தளத்தால் காற்றை உறிஞ்சிப் பின்னால் மேல்நோக்கி வீசுபவை. காற்றோடு நீரும் எழுந்தது. அப்படியானால் குற்றவாளி மழையா, காரை வரைந்தவர்களா?

2026 விதிகள் ரயரின் அகலத்தை முன்பக்கம் 25 மி.மீ., பின்பக்கம் 30 மி.மீ. குறைத்தன. அதுவும் எடையையும் காற்றுத் தடையையும் குறைப்பதற்காக. பின்னால் வருபவரின் கண்ணுக்காக அல்ல.

புதிய கார் எதையும் அங்கீகரிக்குமுன், நனைந்த பாதையில் அதன் பின்னால் இன்னொருவரை முழுவேகத்தில் ஓட்டவிட்டுப் பார்க்கும் விதி வேண்டும். காற்றுச் சுரங்கங்களில் கோடிகளைக் கொட்டுகிறார்கள். முன்னே போகும் காரின் பின்விளக்கு எத்தனை மீற்றருக்குத் தெரிகிறது என்று அளக்க அவ்வளவு செலவாகாது.