மூன்று ஆஸ்கார் பரிசு, மூன்றும் பிறருக்கு!

மேடையில் ஒரு நடிகை இரண்டு வேடங்களுக்கு உயிர் கொடுத்தார். இரண்டும் சினிமாவுக்குப் போயின. அந்த வேடங்களுக்கு மூன்று ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. மூன்றும் பிற நடிகைகளுக்குத்தான்!

அந்த மேடை நடிகையின் பெயர் சிட்டா ரிவேரா. அமெரிக்காவின் புகழ் பெற்ற இசை நாடக நடிகை. 2024-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, 91-வது வயதில், நியூயார்க்கில் காலமானார்.

மேஜையை உடைத்த பெண்

சிட்டா 1933-ல் வாஷிங்டனில் பிறந்தார். தந்தை போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். அது அமெரிக்க ஆட்சியில் உள்ள தீவு. அங்குள்ள மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி.

தந்தை கடற்படை வாத்தியக் குழுவில் வாசித்தவர். சிட்டாவுக்கு ஏழு வயதானபோது அவர் இறந்துவிட்டார். தாய் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சிட்டாவோ துறுதுறுப்பான பெண். வீட்டில் குதித்துக் குதித்து மேஜையையே உடைத்துவிட்டார். "இவளை நாட்டியத்தில் சேர்ப்பதுதான் வழி" என்று தாய் முடிவு செய்தார். நாட்டியம் அவரை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றது. ஒரு நாள் தோழிக்குத் துணையாக நாடகத் தேர்வுக்குப் போனார். தேர்வானவர் சிட்டா!

காத்திருந்த லண்டன்

1957-ல் "வெஸ்ட் சைடு ஸ்டோரி" நாடகம் அரங்கேறியது. நியூயார்க் தெருக்களில் மோதும் இரண்டு இளைஞர் கும்பல்களின் கதை. ஒரு கும்பல் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். அதில் அனிதா என்ற வேடம் சிட்டாவுக்கு. ஒரே நாளில் ஊர் அறிந்த நடிகை ஆனார். நாடகம் லண்டனுக்குப் போக வேண்டும், சிட்டாவோ கர்ப்பிணி. குழந்தை பிறக்கும்வரை லண்டன் காத்திருந்தது!

சினிமா காத்திருக்கவில்லை. 1961-ல் வந்த படத்தில் அனிதாவாக நடித்தவர் ரீட்டா மொரேனோ. ஆஸ்கார் பெற்றார். 1975-ல் "சிகாகோ" நாடகத்தில் சிட்டா ஏற்ற வெல்மா வேடம், 2002-ல் படமானபோது காத்தரின் சீட்டா ஜோன்சுக்குப் போனது. அவருக்கும் ஆஸ்கார். சிட்டாவுக்குக் கிடைத்தது ஒரு சிறு காட்சி.

காரணம் என்ன?

படத்தில் பெரும் பணம் முடங்குகிறது. ஆகவே டிக்கெட் விற்கும் முகத்தைப் பட முதலாளிகள் தேடுகிறார்கள். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ரீட்டா போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்தான். ஆனால் அதே படத்தின் கதாநாயகி, போர்ட்டோ ரிக்கோ பெண் மரியா. அந்த வேடம் ரஷ்யாவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த நத்தாலி உட்டுக்குத் தரப்பட்டது! அந்த மக்களின் கதை வேண்டும். முகம் வேண்டாம் என்ற நிலை.

முறிந்த கால் ஆடியது

சிட்டா மனம் உடையவில்லை. 1984-ல் நாடக உலகின் உயர்ந்த பரிசான டோனி கிடைத்தது. 1986-ல் மோட்டார் விபத்து. இடது கால் 12 இடங்களில் முறிந்தது. இனி ஆட முடியுமா என்று பலர் ஐயுற்றனர். 1993-ல், 60-வது வயதில், இரண்டாவது டோனி பெற்றார்! 2009-ல் ஜனாதிபதி ஒபாமா நாட்டின் உயர்ந்த விருதை அணிவித்தார்.

2021-ல் "வெஸ்ட் சைடு ஸ்டோரி" மீண்டும் படமானது. இம்முறை போர்ட்டோ ரிக்கோ வேடங்களுக்கு ஸ்பானிய மொழி பேசும் வம்சத்தினரையே தேடி எடுத்தனர். புதிய அனிதா அரியானா டிபோஸ். அவருக்கும் ஆஸ்கார்.

கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அது திறக்க 60 ஆண்டுகள் ஆயின. அப்போது முதல் அனிதாவுக்கு வயது 88!