விலைக்கு வாங்கிய சொல்

எம்மிடம் கற்ற இளைஞர் ஒருவர் சென்ற கிழமை எம்மைக் காண வந்தார். பிறர் விற்கும் பொருளை இணையத்தில் எழுதிப் பரிந்துரைத்து, அது விலைப்பட்டால் தரகு பெறுவது அவர் தொழில். அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே கைக்கொண்ட முறை இது. ஆயத்தமாக எழுதி விற்கப்படும் கட்டுரைகளை வாங்கித் தம் பெயரில் இட்டிருக்கிறார். வாசிப்பாரில்லை என்பது அவர் முறைப்பாடு.

இதில் வியப்பென்ன? அதே கட்டுரையை இன்னும் எத்தனைபேர் வாங்கினரோ! ஒரே எழுத்துப் பல இடங்களிற் கிடந்தால், கூகிள் பெரும்பாலும் ஒன்றையே காட்டும். 2011 பெப்ரவரியில் அந்நிறுவனம் ‘பாண்டா’ என்னும் மாற்றத்தைப் புகுத்திச் சாரமற்ற எழுத்தைப் பின்தள்ளிற்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 100க்கு 12 தேடல்களின் முடிவுகள் மாறின.

அவர் புகழ்ந்திருந்த கிரைண்டரைப் பற்றி வினவினோம்.

“கண்ணாலும் கண்டதில்லை, சேர்.”

அதே கிரைண்டர் எம் அடுக்களையில் இருந்தது. எடுத்துவந்து முன்வைத்தோம். உழுந்து அரைத்தால் ஐந்து நிமிடத்திற் சூடேறி நின்றுவிடும். மூடியின் வளையத்துள் மா ஒட்டிக்கொள்ளும். எம் இல்லாளுக்கு அதனோடு நெடுநாட் பகை.

“இதை எழுதும்” என்றோம்.

“எழுதினால் ஆர் வாங்குவினம்?”

நியாயமான வினாவே. சம்பலுக்கு மட்டும் அரைப்பவர் வாங்கலாம் என்றோம். அவர் மறுமொழி கூறாது, மூடியைக் கழற்றி வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.