பழைய மாளிகை தனியாருக்குப் போகலாமா?

சிங்கப்பூரின் ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928-ல் கிரேக்க பாணித் தூண்களோடு திறக்கப்பட்டது. தலைமைத் தபால் நிலையம் அங்கேதான் இயங்கியது. 1997-ல் தனியாருக்கு விற்கப்பட்டு, 2001-ல் சொகுசு ஹோட்டலானது. தூண்கள் தப்பின, 2015-ல் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால், தபால்தலை வாங்க யாரும் நுழைந்த இடம் இப்போது ரூம் போடுபவர்களுக்கானது.

நம்ம ராஜாஜி ஹாலும் அதே பாணிதான்; 1802-ல் கட்டியது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என எல்லோருக்கும் மக்கள் அங்கேதான் அஞ்சலி செலுத்தினார்கள். நாளை இதுபோன்ற கட்டடங்களைத் தனியார் ஆபீஸுக்கு விடலாம் என்ற பேச்சு வந்தால்?

வாடகை வந்தால் கூரை ஒழுகாது, உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் வேணும்: ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறி வருபவரும் காசில்லாமல் உள்ளே போய்ப் பார்க்க முடியணும். செக்யூரிட்டி வாசலிலேயே மறித்தால், காப்பாற்றியது சுவரை மட்டும்தான்.