சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம்

பள்ளிச் சத்துணவு என்றாலே நம் பேச்சு தட்டோடு நின்றுவிடுகிறது. 1956இல் காமராஜர் தொடங்கியது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, பிறகு வந்த முட்டை, கலவைச் சாதம், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என ஒவ்வொரு ஆட்சியும் தன் பங்கைச் சொல்லும், சொல்லட்டும். ஆனால் சமையல் கூடத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. காய்த்தோல், முட்டை ஓடு, அடிப்பிடித்த சோறு, தட்டில் மிஞ்சிய சாம்பார் சாதம் எல்லாம் ஒரே வாளியில் விழுந்து சுற்றுச்சுவர் ஓரத்தில் கொட்டப்படுகின்றன, அல்லது குப்பை வண்டியில் ஏறுகின்றன. பல பள்ளிகளில் அதே சுவரோரம்தான் வேப்பஞ்சருகைக் கூட்டித் தீ வைக்கிறார்கள்.

கழிவையும் சருகையும் சேர்த்து மண்புழுவிடம் ஒப்படைப்பதை ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும் என்பது நம் கருத்து. அறிவியல் கண்காட்சிக்கு ஒரு தொட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்வதை நாம் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுவதுபோல இதுவும் அன்றாட வேலையாக வேண்டும்.

இது பெரிய வேலையும் இல்லை. இருநூறு பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 கிராம் காய் என்ற அளவில் நாளுக்குப் பத்துக் கிலோ காய் நறுக்கினால், தோலும் காம்புமாகக் கழிவது ஓரிரு கிலோதான். இருநூறு முட்டையின் ஓடு ஏறத்தாழ ஒரு கிலோ. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாழைப்பழத்தின் தோலைப் புழு விரும்பித் தின்னும். நிழலும் ஈரமும் சரியாக இருந்தால் ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை தின்று தீர்க்கும். கிணற்று உறைகள் இரண்டும், மேலே தென்னங்கீற்றுக் கூரையும், அடியில் தேங்காய் மட்டையும், கொஞ்சம் சாணமும் போதும். இரண்டு மூன்று மாதத்தில் உரம் கைக்கு வரும்.

சிக்கல் சோற்றில்தான் இருக்கிறது. உப்பும் புளியும் எண்ணெயும் சேர்ந்த சாதத்தை அப்படியே கொட்டினால் தொட்டி சூடேறும், புளிக்கும், எறும்பு வரும், எலி வரும், புழு செத்துப்போகும். பல பள்ளிகளில் முதல் மாதமே இந்த முயற்சி நாறிப்போவதற்குக் காரணம் இதுதான். காய்த்தோலைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். சோற்றைச் சருகோடும் சாணத்தோடும் சேர்த்து இரண்டு வாரம் மட்கவைத்துச் சூடு தணிந்த பிறகே, சிறிது சிறிதாகப் புழுவுக்குக் கொடுக்க வேண்டும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தூவினால் புளிப்பு குறையும். கடையில் விற்கும் ஆப்பிரிக்கப் புழுதான் வேண்டும் என்பதும் இல்லை. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணுயிரியலாளர் சுல்தான் இஸ்மாயில் நம் மண்ணின் புழுக்களே இதற்குப் போதும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்.

கிராமத்தில் மிச்சச் சோறும் கழுநீரும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறதென்றால் போகட்டும். மாட்டோடு புழுவைப் போட்டிக்கு விடத் தேவையில்லை. அங்கே தோலும் ஓடும் சருகும் தொட்டிக்குப் போதும். அவசரம் நகரத்துக்குத்தான். சென்னையில் பிரிக்காமல் வண்டியேறும் கழிவு போய்ச் சேரும் இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். காற்றுப் புகாத குப்பை மேட்டில் மக்கும் உணவிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியை விழுங்கிய பெருங்குடி மேடு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டாரம் மறந்திருக்காது.

இந்த வேலையை யார் செய்வது? இதற்குப் பதில் சொல்லாமல் அரசாணை போட்டால் அது இரண்டு பேர் தலையில் விழும். ஒருவர் சத்துணவு சமையல் உதவியாளர். காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிவரும் அவர்களிடம், கூலி சேர்க்காமல் இன்னொரு வேலையைச் சேர்ப்பது அநியாயம். இன்னொருவர், வகுப்பில் சாதியின் பேரால் அடையாளம் காணப்படும் பிள்ளை. கழிப்பறையைக் கழுவப் பட்டியல் சாதிப் பிள்ளைகளை ஏவிய செய்திகள் வந்த மாநிலம் இது. எச்சில் வாளியைத் தூக்க யாரை அழைப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஆகவே விதி எழுத்தில் இருக்க வேண்டும்: சுற்று முறையில் எல்லாப் பிள்ளைகளும், தலைமை ஆசிரியர் உட்பட எல்லா ஆசிரியர்களும். கனமான வேலைக்கு ஊராட்சியின் தூய்மைக் காவலருக்கோ நகராட்சிப் பணியாளருக்கோ கூடுதல் ஊதியமும் கையுறையும் கொடுத்துப் பொறுப்பாக்க வேண்டும்.

கோடை விடுமுறையையும் மறந்துவிடக் கூடாது. ஏப்ரலில் பள்ளி மூடி ஜூனில் திறக்கும்போது தொட்டியில் வெறும் தூசிதான் இருக்கும். 35 டிகிரிக்கு மேல் போனால் புழு தாங்காது. மே மாதத்தில் வாரம் இரண்டு முறையாவது ஒருவர் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த ஒருவரின் பெயரும் அவருக்கான தொகையும் திட்டத்தில் இல்லையென்றால் திட்டமே வேண்டாம். ஊருக்கு ஊர் கூடம் கட்டிப் பலகை மாட்டி, புழு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் உரக்கூடங்களைப் பார்த்துவிட்டோம்.

இன்னொன்று, அதிகாரிகளுக்குக் கசக்கலாம். தொட்டிக்குப் போகும் முன் மிச்சச் சோற்றை எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எந்தச் சாதம் அதிகம் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். எந்த அறிக்கையையும்விட அந்த நோட்டு உணவின் ருசியைப் பற்றி நேர்மையாகச் சொல்லும். மிச்சம் அதிகமானால் பெரிய தொட்டி கட்டக் கூடாது. சமையலைத் திருத்த வேண்டும்.

கிடைக்கும் உரம் பள்ளித் தோட்டத்துக்கே போகட்டும். முருங்கையும் கீரையும் வளர்ந்து அதே சாம்பாரில் விழுந்தால், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படையின் பெயர்ப்பலகைக்கும் ஒரு வேலை கிடைத்ததாக இருக்கும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: நேற்று மிஞ்சிய சோறு எங்கே போனது? அந்த வாளியைத் தூக்கியது யார்?