மடியில் தொடங்கும் கல்வி

எம் முன்னோர் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது, பெரியவர் ஒருவர் குழந்தையைத் தம் மடியில் இருத்தி, அதன் சிறு விரலைப் பற்றி அரிசியில் ‘அ’ என்று எழுதுவிப்பார். பாடசாலை வாசலை மிதிக்கும் முன்னரே கல்வி தொடங்கிவிடுகின்றது என்பதையும், அன்புடைய ஒருவரின் மடியிலேயே அது தொடங்குகின்றது என்பதையும் இவ்வழக்கம் எமக்கு உணர்த்துகின்றது.

வன்னி மக்கள் இவ்வுண்மையைத் துன்பத்தினூடாகக் கற்றவர்கள். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்து வந்தபோதும், 1996இல் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோதும் இங்கு மரநிழல்களே வகுப்பறைகளாயின. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த மரநிழலும் இல்லாமற் போயிற்று. பாடசாலைகள் இயங்காத அம்மாதங்களில், பதுங்குகுழிக்குள் நடுங்கிய பிள்ளைகளுக்குச் செபமும் கதையும் சொல்லித் தேற்றியவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி வசதியற்ற வீடுகளில் மீண்டும் பெற்றோரே ஆசிரியராயினர்.

திருவிவிலியத்திலும் இத்தகைய மக்களைக் காண்கின்றோம். நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்த இஸ்ரயேலருக்குக் கட்டடமோ கல்விக்கூடமோ இருக்கவில்லை. அவர்களிடம் மோசே, இறைவனின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுமாறு பணித்தார் (இணைச்சட்டம் 6). அன்றாட வாழ்வு முழுவதையுமே அவர் வகுப்பறையாக்கினார்.

எமது திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களையும் வெளியேற்றினர். புனித யோசேப்பு வாஸ் 1687இல் இலங்கைக்கு வரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றி இருந்தனர். அக்காலத்திலேதான் மாந்தையைச் சேர்ந்த குடும்பங்கள் அன்னையின் திருச்சுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது மருதமடுவின் வரலாறு. குருவும் மறைக்கல்வி வகுப்பும் இல்லாத அவ்வாண்டுகளில் விசுவாசத்தை அணையாமற் காத்தவை வீடுகளே.

இன்று நிலை என்ன? பாடசாலைகள் எழுந்து நிற்கின்றன. ஆசிரியர்கள் இருக்கின்றனர். ஆனால், பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைக்குக் கற்பித்த வீடு, அமைதிக் காலத்தில் அப்பணியைக் கைவிட்டு வருகின்றதோ என்று அஞ்ச வேண்டியுள்ளது. முன்பள்ளி, பாடசாலை, ரியூசன், புலமைப்பரிசில் பரீட்சைக்கான மேலதிக வகுப்பு, ஞாயிறன்று மறைக்கல்வி என்று பிள்ளையை ஒவ்வோரிடத்திலும் ஒப்படைக்கின்றோம். எஞ்சிய நேரத்தைக் கைத்தொலைபேசியிடம் ஒப்படைக்கின்றோம். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. அப்பொறுப்பில் பிறர் எமக்குத் துணைநிற்கலாம். எமக்குப் பதிலாக நிற்க இயலாது.

பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துமாறு நாம் கூறவில்லை. ஐந்து முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம் என்பது எமது நாட்டின் சட்டம். பாடசாலை தரவியலாததை வீடு தரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். தோட்டத்தில் கச்சான் விதை ஊன்றும்போது எண்ணக் கற்பிக்கலாம். குளக்கட்டில் நடக்கும்போது பறவைகளின் பெயர்களையும் அவற்றைப் படைத்தவரின் பெயரையும் சொல்லலாம். கடன் வாங்கியவர் வாசலில் நிற்கையில் பிள்ளையின் முன்னே பொய்யுரையாது இருப்பதே பெரும் பாடம்.

‘விடிந்தால் கூலி வேலை, இருண்டால் அடுப்படி, எனக்கு நேரம் ஏது?’ என்று கணவரை இழந்து தனியே குடும்பம் சுமக்கும் தாய் கேட்கலாம். அவரது கேள்வி நியாயமானது. அத்தகைய தாய்க்குப் புனித பவுல் ஆறுதல் தருகின்றார். திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர். அவருடைய விசுவாசத்தைப் பற்றி விவிலியம் எதுவும் கூறவில்லை. பாட்டி லோயியும் தாய் யூனிக்கியுமே திமொத்தேயுவின் விசுவாசத்துக்கு ஊற்றாயினர் (2 திமொத்தேயு 1:5). அந்த வீட்டிலிருந்தே ஓர் ஆயர் எழுந்தார். உறங்குமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து, அன்று நடந்ததைக் கேட்கும் பத்து நிமிடங்களும் இறைவன் முன் மிகப் பெரியவை. அதற்கும் இயலாத அளவுக்குச் சுமை அழுத்துமாயின், அயலிலுள்ள அன்பியக் குடும்பங்கள் அப்பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு அமர்த்திக்கொள்ளட்டும். வேலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை ஒரு பிள்ளைக்குக் கதை சொல்வதும் திருப்பணியே.

இன்றிரவு உங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிள்ளையை அருகில் அழைத்து அமர்த்துங்கள். நாசரேத்தின் சிறு வீட்டில் ஞானத்திலும் அருளிலும் வளர்ந்த இயேசு, எம் இல்லங்களிலும் பிள்ளைகளோடு உடனிருந்து அவர்களை வளர்ப்பாராக. ஆமென்.